நெல்லிக்கனி ஊரும் வெயில் கணக்கும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கிறது அதியமான்கோட்டை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தானே, அந்த அதியமானின் பெயர் தாங்கிய ஊர். (சங்ககால ஔவை கிழவியே அல்ல என்பாரும் உண்டு. அது வேறு சண்டை.)

ஒரு பாட்டியின் ஆயுளுக்காக ஓர் அரசன் கவலைப்பட்டான் என்பது கதை. ஆனால் வெயிலிலிருந்து முதியவர்களைக் காக்க அரசுகள் இறங்கியது ரொம்பத் தாமதமாகத்தான்.

காரணம் இருக்கிறது. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, வியர்வையும் குறையும். உடம்பு சூடேறி இதயம் நின்றால், பதிவேட்டில் மாரடைப்பு என்றே எழுதப்படும். வெயில் தப்பித்துவிடும்! 2003 ஆகஸ்டில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அதன் பிறகே அங்கு திட்டம் வந்தது.

இந்தியாவில் அகமதாபாத் முந்திக்கொண்டது. 2010 மே மாதம் அங்கே 46.8 டிகிரி. மற்ற ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 2013-ல் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் கொண்டுவந்தது: முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவர்களுக்குப் பயிற்சி.

தமிழ்நாட்டில் தண்ணீர்ப்பந்தலும் நீர்மோரும் பழைய வழக்கம். வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டதோ 2024 அக்டோபரில். இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் வெயில்தான் காரணம் என்று சான்று வேண்டும். காட்டு வேலை முடிந்து திண்ணையில் படுத்தபடியே போய்விடும் பாட்டிக்கு அதை எழுதித் தர டாக்டர் பக்கத்தில் இருப்பதில்லை.