பாலைநிலத்தில் ஊர் அமைத்த பிரிகாம் யங்



ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் நிலப்படத்தை விரித்து, அமெரிக்க நாட்டின் மேற்கே இருக்கும் பெரிய உப்பேரியைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஏரியின் நீர் கடல்நீரைவிடக் கரிப்பு மிகுந்தது என்று சொன்னேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, "அந்தத் தண்ணியைக் குடிக்கவே முடியாதே சார், அப்புறம் எப்படி அதன் பக்கத்திலேயே இவ்வளவு பெரிய ஊர் வந்தது?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அதே மாணவன், "அவர் நல்லவரா, கெட்டவரா சார்?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டான். முதல் கேள்வியைவிட அது கடினமாக இருந்தது. இன்று உங்களிடம் அந்த வாழ்க்கையைச் சொல்கிறேன். நீங்களும் கேட்டு எண்ணிப் பாருங்கள்.

அவர் பெயர் பிரிகாம் யங். 1801ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள், வெர்மாண்ட் மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாமவர். பதினான்கு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தாம் படித்தது பதினொரே நாள்தான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தச்சு வேலை, சாயம் பூசும் வேலை, சன்னலுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை எல்லாம் கற்றுக்கொண்டு, கைத்தொழிலால் பிழைத்து வந்தார்.

அந்தக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர், தமக்குத் தெய்வ வெளிப்பாடு கிடைத்ததென்று கூறிப் புதிய சபை ஒன்றைத் தொடங்கினார். 1830இல் அவர் வெளியிட்ட 'மார்மன் நூல்' என்ற மறைநூலின் பெயரைக் கொண்டு அவரைப் பின்பற்றியோரை மார்மன்கள் என்று ஊரார் அழைத்தனர். பிரிகாம் யங் அந்த நூலை ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆராய்ந்த பிறகே, 1832இல் அந்தச் சபையில் சேர்ந்தார். அதே ஆண்டில் அவர் மனைவி மிரியம் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுச் சபைப் பணிக்கு ஊர் ஊராக நடந்தார். 1835இல் சபையின் பன்னிரு தூதர்களில் ஒருவரானார்.

மார்மன்கள் எங்கே குடியேறினாலும் அக்கம்பக்கத்தாரோடு பகை மூண்டது. அவர்கள் கூட்டமாக வந்து நிலம் வாங்கியதும், ஒரே கட்சிக்குச் சேர்ந்து வாக்களித்ததும், தங்கள் தலைவரைத் தீர்க்கதரிசி என்று போற்றியதும் மற்றவர்களுக்கு அச்சத்தை உண்டாக்கின. 1838ஆம் ஆண்டு அக்டோபரில் மிசௌரி மாநில ஆளுநர், மார்மன்களை ஒழித்துவிட வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டு விரட்டிவிட வேண்டும் என்று எழுத்து மூலமே ஆணையிட்டார். மூன்று நாளில் ஆன் மில் என்ற சிற்றூரில் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜோசப் ஸ்மித் சிறையில் இருந்தார். வீடு வாசலை இழந்து நின்ற மக்களைக் குளிர்காலத்தில் இல்லினாய் மாநிலத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பிரிகாம் யங்கின் தோளில் விழுந்தது. வண்டி இல்லாதவரையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று எல்லோரிடமும் கையொப்பம் வாங்கி, அந்தப் பணியை முடித்தார்.

இல்லினாயில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற நகரை மார்மன்கள் எழுப்பினர். அங்கும் பகை வளர்ந்தது. 1844ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், சிறையிலிருந்த ஜோசப் ஸ்மித்தையும் அவர் அண்ணனையும் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. சபை சிதறிவிடும் என்று பலரும் எண்ணினர். ஆகஸ்டு மாதத்தில் கூடிய மக்களில் பெரும்பாலோர் பிரிகாம் யங்கின் தலைமையை ஏற்றனர். 1846 பிப்ரவரியில், பனி உறைந்த ஆற்றைக் கடந்து மக்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அந்த ஆண்டுக் குளிர்காலத்தை மிசௌரி ஆற்றங்கரைக் குடிசைகளில் கழித்தபோது, பசியாலும் நோயாலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

1847 ஏப்ரலில் முன்னோடிக் குழு ஒன்று வழி காணப் புறப்பட்டது. ஆண்கள் 143 பேர், பெண்கள் 3 பேர், குழந்தைகள் 2 பேர். அவர்களுள் மூன்று ஆண்கள் கறுப்பின அடிமைகள் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. ஏறத்தாழ ஆயிரம் மைல் பயணம். ஜூலை 24ஆம் நாள் பிரிகாம் யங் காய்ச்சலில் வண்டிக்குள் படுத்தபடியே உப்பேரிப் பள்ளத்தாக்கை வந்தடைந்தார். முன்னால் வந்து சேர்ந்தவர்கள் அதற்கு முதல் நாளே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து, காய்ந்து இறுகிக் கிடந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சி, அது இளகிய பிறகு ஏர் பூட்டி உழுது கிழங்கு நட்டார்கள்.

என் மாணவன் கேட்ட முதல் கேள்விக்கு விடை இதுதான், நேயர்களே. ஏரி நீர் பயன்படாது. ஆனால் மலையில் உறைந்த பனி உருகி நன்னீராக இறங்குகிறது. அந்த நீரும் மலைக் காட்டு மரமும் தனி ஒருவருக்குச் சொந்தமாகக் கூடாது, எல்லோருக்கும் பொது என்று பிரிகாம் யங் விதித்தார். வாய்க்கால் வெட்டுவதில் உழைத்தவருக்கு உழைப்புக்கேற்ப நீர்ப்பங்கு கிடைத்தது. தெருக்கள் 132 அடி அகலத்தில் நேர்கோடாக அமைந்தன. அவர் காலத்தில் இவ்வாறு முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் அந்த வறண்ட நாட்டில் எழுந்தன.

ஊர் இருந்தால் போதுமா, ஆள் வேண்டாமா? இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்களும் டென்மார்க் நாட்டு உழவர்களும் அந்தச் சபையில் சேர்ந்திருந்தனர். கப்பலுக்குக் காசில்லாத ஏழைகள் அவர்கள். அவர்களுக்காக 1849இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நிதியில் கடன் வாங்கி வந்து, வந்தபின் உழைத்து அடைக்க வேண்டும்; அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். முன்பணக் கடனோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, அந்தக் கடன் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பலரால் அடைக்க முடியவில்லை. பிரிகாம் யங் மறைந்த பிறகு, 1880இல், ஏழைகளின் நிலுவையில் பாதியைச் சபை தள்ளிவிட்டது.

நிதி குறைந்தபோது, செலவைச் சுருக்க ஒரு திட்டம் வகுத்தார் பிரிகாம் யங். மாட்டு வண்டிக்குப் பதிலாக, மக்கள் தாங்களே கைவண்டி இழுத்து நடந்து வரலாம் என்பதே அது. தலைக்கு 17 பவுண்டு சுமைதான் அனுமதி. 1856இல் முதல் மூன்று குழுக்கள் ஒருவாறு வந்து சேர்ந்தன. கடைசி இரண்டு குழுக்கள் காலந்தாழ்த்திப் புறப்பட்டன. பச்சை மரத்தில் செய்த சக்கரங்கள் உலர்ந்து பிளந்தன. அக்டோபரில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. உணவு தீர்ந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் வழியிலேயே மாண்டனர்.

அவர்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள் என்ற செய்தி அக்டோபர் 4ஆம் நாள்தான் பிரிகாம் யங்குக்கு எட்டியது. மறுநாள் சபை மாநாடு. மேடையில் ஏறிய அவர் வேறு எதையும் பேசவில்லை. கோவேறு கழுதைகள், வண்டிகள், மாவு, வண்டியோட்டத் தெரிந்த இளைஞர்கள் உடனே வேண்டும் என்று கேட்டார். இரண்டு நாளில் மீட்புக் குழு கிளம்பிற்று. நவம்பர் 30ஆம் நாள் கடைசிக் குழு ஊரை நெருங்கியபோது ஞாயிறு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. வேண்டுதல் நல்லதுதான், ஆனால் சுட்ட கிழங்கும் பாலும் தேவைப்படும் நேரத்தில் வேண்டுதல் அவற்றுக்கு ஈடாகாது என்று சொல்லி, பெண்களை வீட்டுக்குப் போய்ச் சமைக்கச் சொன்னார். மனத்தைத் தொடும் செயல்தான். ஆனாலும் கைவண்டித் திட்டம் அவருடையது என்பதும், தாமதத்துக்கான பழியை அவர் முகவர்கள்மீது சுமத்தினார் என்பதும் வரலாறே.

இனி, சொல்லக் கசப்பானவற்றையும் சொல்ல வேண்டும்.

1852இல் பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது. பிரிகாம் யங் தாமே ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களை மணந்தார். அவர்களுள் ஆன் எலைசா என்ற பெண் 1873இல் மணவிலக்குக் கேட்டு வழக்குத் தொடுத்து, நாடெங்கும் சென்று அந்த வழக்கத்தைக் கண்டித்துப் பேசினார். அதே யூட்டாவில்தான் 1870இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர் என்பது வியப்பான செய்தி. அந்த உரிமையை 1887இல் அமெரிக்கப் பேரவை பறித்தது. பலதார மணத்தைச் சபை 1890இல் கைவிட்டது.

கறுப்பின ஆண்கள் சபையில் குருத்துவம் பெறக்கூடாது என்று 1852இல் அறிவித்தவரும் பிரிகாம் யங்தான். அவர் ஆளுநராக இருந்த அதே ஆண்டில் அடிமை முறைக்கு யூட்டாவில் சட்ட இசைவும் கிடைத்தது. குருத்துவத் தடை 126 ஆண்டு நீடித்து, 1978 ஜூன் மாதத்தில்தான் நீங்கியது. அந்தத் தடைக்காக முன்னாளில் கூறப்பட்ட காரணங்களைத் தான் ஏற்கவில்லை என்று சபை 2013இல் எழுத்தில் தெரிவித்தது.

அந்தப் பள்ளத்தாக்குகள் ஆளில்லாத நிலமும் அல்ல. யூட், ஷோஷோனி, பையூட் ஆகிய பழங்குடியினர் காலங்காலமாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த நாடு அது. பழங்குடியினரோடு போரிடுவதைவிட அவர்களுக்கு உணவளிப்பதே மலிவு என்று பின்னாளில் சொன்ன பிரிகாம் யங்தான், 1850இல் அவர்களில் ஒரு பிரிவினர்மீது தாக்குதல் நடத்த இசைவு தந்தார். விரட்டப்பட்டு வந்தவர்கள், வந்த இடத்தில் இன்னொரு மக்களை விரட்டினார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது 1857 செப்டம்பர் 11ஆம் நாள் நடந்தது. அமெரிக்க அரசு யூட்டாவுக்குப் படை அனுப்பியிருந்த நேரம். மேடைதோறும் போர்ப் பேச்சு. அவ்வேளையில் ஆர்க்கன்சா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக் குழு ஒன்றை, மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில் உள்ளூர் மார்மன் காவற்படையினர் பையூட் மக்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு முற்றுகையிட்டனர். வெள்ளைக்கொடி காட்டி, பாதுகாப்பாக அழைத்துப் போவதாக வாக்களித்து, வெளியே வந்தவர்களைக் கொன்றார்கள். ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். பதினேழு சிறு குழந்தைகள் மட்டுமே எஞ்சினர். அவர்களைப் போகவிடுங்கள் என்று பிரிகாம் யங் எழுதிய கடிதம், எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அவருக்கு இதில் எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் மக்கள் மனத்தில் அச்சத்தையும் சினத்தையும் மூட்டிய பேச்சுகளில் அவருடைய பேச்சும் உண்டு. அந்தக் கொலைக்காக ஒரே ஒருவருக்குத்தான் தண்டனை கிடைத்தது. அதுவும் இருபது ஆண்டு கழித்து.

ஆசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். பதினொரு நாள் பள்ளி சென்ற அவர், 1850இல் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கத் துணை நின்றார். அதுவே இன்றைய யூட்டா பல்கலைக்கழகம். பல மொழி பேசி வந்த குடியேறிகளின் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக் கூட்டலில் திண்டாடுவதைக் கண்டு, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று 38 எழுத்துகள் கொண்ட புதிய எழுத்துமுறை ஒன்றையும் உருவாக்கச் செய்தார். 1868இல் அதில் பாடநூல்களும் அச்சாயின. யாரும் விரும்பிக் கற்கவில்லை. அது அப்படியே நின்றுபோயிற்று. மலையை வெட்டி வாய்க்கால் போட்ட தலைவரால், மக்கள் கையில் பழகிய எழுத்தை மாற்ற இயலவில்லை.

1877ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், 76ஆம் வயதில் பிரிகாம் யங் காலமானார். 1853இல் அவர் தொடங்கிய பெரிய ஆலயம் நாற்பது ஆண்டு கழித்து 1893இல்தான் நிறைவுற்றது.

சரி, "நல்லவரா, கெட்டவரா?" என்ற கேள்விக்கு என்ன விடை? நான் மறுநாள் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டேன். அவர் செய்ததால் வாழ்ந்தவர்கள் யார், அவர் செய்ததால் வாடியவர்கள் யார் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லி இரு பக்கமும் எழுதினோம். இரண்டு பக்கமும் நிரம்பின. ஒரு பக்கத்தை அழித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அப்புறம் அது பொய்யாகிடும் சார்" என்றான் அந்த மாணவன்.

நேயர்களே, நம் வீடுகளிலும் தலைவர்களின் படங்கள் தொங்குகின்றன. தலைவர்களைப் போற்றுவதில் தவறில்லை. ஆனால் ஒரு தலைவர் கேட்டார் என்பதற்காக வாய்க்கால் வெட்டப் போவதும் நாம்தான். ஒரு தலைவர் சினந்தார் என்பதற்காகக் கத்தியைத் தூக்குவதும் நம்மில் சிலர்தான். எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று நின்று எண்ணும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே கொடுத்துவிட வேண்டும். வரலாறு படிப்பதன் பயன் அதுவே. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதையை வீட்டில் சொல்லுங்கள். பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.