அண்ணாமலைக் கிரிவலப் பாதை: வழியோரச் சந்நிதிகளும் நினைவிடங்களும்

அண்ணாமலைக் கிரிவலப் பாதை என்பது, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரை ஒட்டி 2,668 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் அருணாசல மலையைச் சுற்றிச் செல்லும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள பிரதட்சிண வழியாகும். பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்கினி க்ஷேத்திரமாகப் போற்றப்படும் இத்தலத்தில் மலையே சிவலிங்க வடிவம் என்பது சைவர் கொள்கையாதலால், அம்மலையை வலம் வருதல் இறைவனையே வலம் வருதலாகக் கொள்ளப்படுகிறது. இப்பாதையின் இரு மருங்கிலும் லிங்கச் சந்நிதிகள், நந்திகள், தீர்த்தங்கள், மண்டபங்கள், மடங்கள், ஆசிரமங்கள், சமாதிகள் ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. அவற்றுள் சிலவே அரசர் எடுப்பித்தவை. பல, பெயர் அறியப்படாத குடும்பங்களும் துறவிகளும் தத்தம் காலத்தில் தத்தம் பக்திக்கு அடையாளமாக நிறுவிச் சென்றவை.

நிலமும் பழமரபும்

அருணாசலத்தைச் சூழ்ந்த நாடு மழையை நம்பி வாழும் வறண்ட புன்செய் நிலம். பாறையும் முட்புதரும் ஏரிகளும் மாறி மாறி வரும் இந்நிலத்தில், வழிச்செல்வோர் கண்ணில் படுமாறு கல்லை நட்டு ஒரு நிகழ்ச்சியை நினைவில் நிறுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. மலைக்கு மேற்கே செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிடைத்த நடுகற்கள், ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் உயிர்நீத்த வீரர்களைப் பல்லவர் காலத்து வட்டெழுத்தில் பதிவு செய்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லி உருவமும் வடித்துப் போற்றுகிறது. இக்கற்களின் சாசனங்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியின் பதிப்பாக 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்டது. கிரிவலப் பாதையின் வழியோர நினைவுச் சின்னங்களை இந்த மரபோடு சேர்த்துக் காண்பதே முறை. ஏனெனில் அரண்மனையையும் ராஜகோபுரத்தையும் மட்டுமன்றி, சாதாரண மனிதனின் நன்றியையும் கல்லில் நிறுத்தும் பண்பு இந்நாட்டில் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

புராணமும் இலக்கியமும்

கிரிவலத்தின் மகிமையை ஸ்காந்த புராணத்தின் ஒரு பகுதியாகிய அருணாசல மாகாத்மியம் விரித்துரைக்கிறது. தமிழில் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணம் அதனை வெகுஜனங்கள் அறியச் செய்தது. பார்வதி தேவி இங்கே தவம் செய்து, மலையை வலம் வந்து, இறைவனின் இடப்பாகம் பெற்றாள் என்பது ஒரு வரலாறு. வச்சிராங்கத பாண்டியன் புனுகுப்பூனை ஒன்றைத் துரத்திக் குதிரைமேல் மலையைச் சுற்றி வந்தபோது, பூனையும் குதிரையும் சாபம் நீங்கி வித்தியாதரர்களாய் விண் எய்த, வாகனத்தின் மேலிருந்த அரசன் மட்டும் அப்பேற்றை இழந்து, பின்னர்க் கால்நடையாக வலம் வந்து கதிபெற்றான் என்பது மற்றொரு வரலாறு. வாகனம் ஏறாமல், பாதரட்சை அணியாமல் நடந்தே வலம் வரவேண்டும் என்னும் நியமத்துக்கு இக்கதையையே சான்றாகச் சொல்வது வழக்கம்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு 2 பதிகங்களும் திருநாவுக்கரசர் 3 பதிகங்களும் பாடியுள்ளனர். சம்பந்தரின் பதிகங்களில் அருவிகளும் வேடர்களும் வனவிலங்குகளும் நிறைந்த கானகமாகவே அண்ணாமலை காட்சி தருகிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய இடம் பாதையின் மேற்பகுதியிலுள்ள அடிஅண்ணாமலை என்பது தொன்று தொட்ட நம்பிக்கையாகும். அங்கே அவருக்குத் தனிக் கோயில் உண்டு. அவ்வூரிலுள்ள ஆதி அண்ணாமலையார் ஆலயம் பிரமனால் நிறுவப்பெற்றது என்று தலபுராணம் கூறும்.

அரசர் காலம்

மலையடிவாரத்துப் பெரிய கோயிலாகிய அண்ணாமலையார் ஆலயத்தின் கல்வெட்டுகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் சோழர் காலத்து வளர்ச்சியைத் தெரிவிக்கின்றன. பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இராஜதானியாகக் கொண்டிருந்தான். மகப்பேறற்ற அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே புத்திரனாக வந்தார் என்னும் ஐதிகத்தால், பள்ளிகொண்டாப்பட்டில் மாசி மாதத்தில் இறைவன் அவனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரம், 11 நிலைகளோடு தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பரால் நிறைவு செய்யப்பட்டது.

அரசர்களின் செல்வம் பெரும்பாலும் கோயில் மதில்களுக்குள்ளே சேர்ந்தது. மலையைச் சுற்றிய பாதையோ, தண்ணீர்ப் பந்தலும் தங்குமிடமும் தோப்பும் குளமும் அமைத்துப் புண்ணியம் தேடியவர்களின் தர்மத்தால் வளர்ந்தது. கடும் வெயில் காயும் இந்நிலத்தில் நிழலும் நீரும் கொடுப்பதே யாத்திரிகனுக்குச் செய்யத்தக்க முதற்பணியாக இருந்தமையால், இப்பாதையின் பழைய கட்டடங்களுள் இளைப்பாறும் கல்மண்டபங்களும் தீர்த்தங்களுமே எண்ணிக்கையில் மிக்கன.

எண்திசை லிங்கங்கள்

வழியோரச் சந்நிதிகளுள் தலையாயவை அஷ்டலிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்கினி லிங்கம், தெற்கே எம லிங்கம், தென்மேற்கே நிருதி லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடமேற்கே வாயு லிங்கம், வடக்கே குபேர லிங்கம், வடகிழக்கே ஈசான்ய லிங்கம் எனத் திக்குப் பாலகர் எண்மரும் வழிபட்டனவாக இவை கருதப்படுகின்றன. அக்கினி லிங்கம் பாதைக்கு வலப்புறத்தில், மலைப்பக்கமாக அமைந்துள்ளது. ஈசான்ய லிங்கம் சுடுகாட்டை அடுத்து நின்று வாழ்வின் நிலையாமையை யாத்திரிகருக்கு உணர்த்துகிறது. எம லிங்கம், நிருதி லிங்கம் ஆகியவற்றை அஞ்சி வணங்கிய காலமும் இருந்தது. அண்மைக் காலத்தில் செல்வம் வேண்டுவோர் குபேர லிங்கத்தை நாடுவது பெருகி, கார்த்திகை மாதச் சிவராத்திரி நாளில் 'குபேர கிரிவலம்' என்னும் புதுவழக்கம் தோன்றியுள்ளது. சூரிய லிங்கம், சந்திர லிங்கம் என வேறு சந்நிதிகளும் இடையிடையே உள்ளன. மலையை நோக்கிய முகத்தோடு ஆங்காங்கே அமர்ந்திருக்கும் சிறு நந்திகள், சந்நிதிகளில் உறையும் லிங்கங்களுக்கு மேலாக மலையே மூலலிங்கம் என்பதைச் சொல்லாமல் சொல்லி நிற்கின்றன.

இடுக்குப் பிள்ளையாரும் சிங்கத் தீர்த்தமும்

குபேர லிங்கத்தைக் கடந்தபின் வருவது இடுக்குப் பிள்ளையார் சந்நிதி. உடலை ஒருக்களித்துத் தவழ்ந்து நுழைந்து, வளைந்து செல்லும் ஒரு குறுகிய இடுக்கின் வழியே மறுபுறம் வெளிவரவேண்டிய இச்சிறு கட்டடத்தை இடைக்காட்டுச் சித்தர் அமைத்தார் என்று சொல்லுவர். உடல் நோவுகள் தீரும் என்றும், மறுபிறவி இல்லாத கதி வாய்க்கும் என்றும், மகப்பேறு கிட்டும் என்றும் பலவாறு நம்பி, முதியோரும் சிறுவரும் பருத்த உடலினரும் இதனுள் புகுந்து வருகின்றனர். சாஸ்திர விதிப்படி அமைந்த ஆலயங்களில் காணவியலாத இத்தகைய அமைப்பு, மக்களின் கற்பனையும் நம்பிக்கையும் தாமே வடிவெடுத்துக்கொண்டதற்குச் சிறந்த உதாரணமாகும்.

பாதையின் தென்பகுதியிலுள்ள சிங்கத் தீர்த்தமும் அத்தகையதே. வாய் திறந்த சிங்கத்தின் உருவமாக வாயில் அமைக்கப்பட்டு, அதன் உடலுக்குள்ளே படிக்கட்டு இறங்கி நீரை அடையும் இக்கிணறு, தண்ணீர் கொடுத்தலாகிய எளிய தர்மத்தைக்கூட ஒரு சிற்பியின் வியத்தகு படைப்பாக ஆக்கிய மனோபாவத்தைக் காட்டுகிறது.

துறவியரும் நினைவிடங்களும்

குகை நமசிவாயர், குரு நமசிவாயர், விரூபாக்ஷ தேவர் முதலிய துறவியர் மலைச்சரிவுக் குகைகளில் வாழ்ந்து, தம் பெயரால் அவ்விடங்கள் வழங்கும்படி செய்தனர். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுச் சிறுவராக இங்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, பெரிய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலுள்ள பாதாள லிங்கக் குகையிலும், 1899 முதல் 1916 வரை விரூபாக்ஷ குகையிலும், பின்னர் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் வசித்து, அன்னையார் அழகம்மாள் சமாதி அடைந்தபின் மலையடிவாரத்துக்கு இறங்கி வந்தார். பாதாள லிங்கம் செப்பனிடப்பட்டு, 1949ஆம் ஆண்டில் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் திறந்து வைக்கப்பட்டது.

ரமணர் 1926 வரை அன்பர்களோடு அடிக்கடி கிரிவலம் வந்தார். நிறைமாத கர்ப்பிணியான அரசியைப் போல மெல்ல அடிவைத்து நடக்கவேண்டும் என்னும் பழைய விதியை அவர் கைக்கொண்டமையால், வழியோர மண்டபங்களில் சமைத்து உண்டும், மர நிழலில் தங்கியும் ஒரு வலத்துக்கே இரண்டு மூன்று நாட்கள் ஆவதும் உண்டு. இன்று வெறுமையாய்க் கிடக்கும் பல மண்டபங்கள் அக்காலத்தில் எவ்வாறு பயன்பட்டன என்பதை அவருடன் சென்றோரின் நினைவுக் குறிப்புகள் தெளிவாக்குகின்றன.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி அவர் மகாநிர்வாணம் அடைந்த சிறிய அறை, மலையடிவாரத்து ரமணாசிரமத்தில் அவர் காலத்திய நிலையிலேயே போற்றிக் காக்கப்படுகிறது. அவ்வாசிரமத்தில் பிற இடங்களில் காணுதற்கரிய ஒரு சிறப்பும் உண்டு: 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இறந்த லக்ஷ்மி என்னும் பசுவுக்கும், வள்ளி என்னும் மானுக்கும், ஒரு காகத்துக்கும், ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதிகள் எழுப்பப்பட்டுள்ளன. கோவிவன் என்னும் காவல்நாய்க்குக் கல்லெடுத்த நாட்டிலேயே, பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஜாக்கிக்கும் கல்லெடுக்கப்பட்டது. முன்னதில் வீரமும் பின்னதில் கருணையும் போற்றப்பட்டன என்பதே வேறுபாடு. திருச்சுழியில் ரமணர் பிறந்த இல்லமும், மதுரையில் அவர் மெய்யுணர்வு பெற்ற இல்லமும் நினைவில்லங்களாகப் பாதுகாக்கப்படுவது, ஒரு குடும்பத்தின் வீடே மக்களின் பொதுச் செல்வமாக மாறும் தன்மைக்குச் சான்று.

1929ஆம் ஆண்டில் மறைந்த சேஷாத்ரி சுவாமிகளின் சமாதி ஆசிரமம் ரமணாசிரமத்துக்கு அண்மையிலும், 2001ஆம் ஆண்டில் மறைந்த யோகி ராம்சுரத்குமாரின் ஆசிரமம் அக்ரகாரக் கொல்லையிலும் உள்ளன. 1934இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூலும், 1938இல் இங்கு வந்து சென்ற சாமர்செட் மாம் 1944இல் வெளியிட்ட நாவலும் மேல்நாட்டாரின் கவனத்தை இவ்வூரின்பால் திருப்பின.

பௌர்ணமிப் பெருங்கூட்டம்

ஆண்டுக்கு இருமுறை, கார்த்திகைத் தீபப் பெருவிழாவை அடுத்தும், தை மாதத் திருவூடல் விழாவிலும், அண்ணாமலையாரே கிரிவலம் எழுந்தருளுகிறார். தீபத்தன்று மலையுச்சியில் செப்புக் கொப்பரையில் ஏறத்தாழ 3,500 கிலோ நெய் வார்த்து ஜோதி ஏற்றப்படுகிறது. பழங்காலத்தில் விழா நாட்களிலும் விரத நாட்களிலுமே மிகுதியாக இருந்த யாத்திரிகர் கூட்டம், 1990களிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமியிலும் லட்சக்கணக்கில் பெருகத் தொடங்கியது. மின்விளக்குகளும் நடைமேடைகளும் கடைகளும் சிறப்புப் பேருந்துகளும் பெருகின. இரவு முழுதும் உறங்காத சாலையாகப் பாதை மாறிற்று.

வலம்வருதலைப் பிற மலைகளும் பெற்றுள்ளன. திபெத்திலுள்ள கயிலையின் சுற்று 52 கிலோமீட்டர்; விரஜபூமியின் கோவர்த்தன கிரிக்கும், தமிழகத்துப் பழனிக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் வலம் உண்டு. எனினும் ஒவ்வொரு மாதமும் ஒரே இரவில் இத்துணை மக்கள் நடந்து சுற்றும் மலை உலகில் அரிது.

இன்றைய நிலையும் காப்பும்

கூட்டம் பெருகியதால் நன்மையும் தீமையும் ஒருங்கே விளைந்தன. இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் மரமற்றுக் கிடந்த மலையில், 1980களின் இறுதி முதல் தன்னார்வலர் மரம் நட்டு வளர்த்ததன் பயனாகப் பசுமை மீண்டது. பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் வீடுகள் மேல் விழுந்து 7 பேர் உயிரிழந்தமை, மலையடிவாரம் குடியிருப்புகளால் நெருக்கப்பட்டால் விளையும் கேட்டை எல்லோருக்கும் அறிவித்தது.

பெரிய கோயிலின் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டு அச்சேறின. ராஜகோபுரத்தின் புகழைப் பாட ஆயிரம் பேர் உண்டு. வழியோரத்துச் சிறு நந்திக்கும், தூர்ந்துபோன தீர்த்தத்துக்கும், சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்து மறைந்த மண்டபத் தூணுக்கும் அத்தகைய ஆதரவு இல்லை. சாலை அகலும்போதும் கடைகள் பெருகும்போதும் முதலில் அழிபவை இவையே. ஆயினும், ஓர் ஊரின் மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தாமே சேர்த்துத் தாமே காத்த காட்சிச்சாலை இப்பாதை என்பதில் ஐயமில்லை. அரசரின் சரித்திரத்தைக் கோயிலில் கற்பவர், குடிகளின் சரித்திரத்தை இங்கேதான் கற்க இயலும். ஆகையால், இப்பாதையிலுள்ள ஒவ்வொரு சின்னத்தையும் அளந்து, படமெடுத்து, அதனைப் பற்றிய செவிவழிச் செய்திகளை ஊர் முதியோரிடமிருந்து கேட்டெழுதி ஓர் அட்டவணை தயாரிப்பது அரசுத் துறைகளும் கல்லூரிகளும் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கிரிவலம் வரும் அன்பர்களும் நடையில் விரைவைக் குறைத்து, எட்டு லிங்கங்களோடு நில்லாமல், அவற்றுக்கு இடையே பெயரின்றி நிற்கும் கற்களையும் நின்று நோக்கி, அவற்றின்மேல் குப்பையும் எண்ணெயும் சேராமல் காப்பார்களாக.