இலுமினாட்டியும் மாமன் மகனும்

எதுக்கெடுத்தாலும் இலுமினாட்டி சதி என்பவர்களை ஒரு தடவை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அங்கேதான் இருக்கு. அதை எழுதியவர்களின் பயமெல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றித்தான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனோட சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன் யாருக்கும் குடத்தில் ஓலை கிடையாது. ஓலையை எடுப்பது விவரம் அறியாத சிறுவன். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்கணும். (கைக்குள்ள வேற ஓலை இருந்துட்டா?) இத்தனை காவலும் நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களுக்குள்ளேதான். அதையும் ஒளிக்கல, சுவரிலேயே வெட்டி வெச்சிருக்காங்க.

அந்த மாமன் மகன் விதி நம்ம டிவி உலகத்துக்கு வரவே இல்லை. சன் டிவி, தினகரன், வீட்டுக்குக் கேபிள் கொடுத்த சுமங்கலி எல்லாம் ஒரே மாறன் குடும்பம். முதல்வர் கருணாநிதி அவர்களுக்குத் தாத்தா முறை. 2007 மே மாதம் தினகரன் வெளியிட்ட வாரிசுக் கருத்துக்கணிப்பால் மதுரையில் அதன் அலுவலகம் எரிந்தது, 3 ஊழியர்கள் செத்தார்கள். அதே வருஷம் அரசு கேபிள் கழகம் பிறந்தது, கலைஞர் டிவியும் வந்தது. 2008 டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்தது. அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011-ல் ஜெயலலிதா வந்து மாதம் 70 ரூபாய்க்கு அதை எழுப்பினார். அவர் பக்கம் 1999 முதலே ஜெயா டிவி இருந்தது.