நியூயார்க் நகர டாக்சி உரிமம்

நியூயார்க் நகர டாக்சி உரிமம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மஞ்சள் நிற டாக்சிகளை இயக்குவதற்கு நகர நிருவாகம் வழங்கும் தொழில் உரிமம் ஆகும். இது மெடாலியன் என அழைக்கப்படுகிறது. இதன் அடையாளமாக ஓர் உலோக வில்லை வண்டியின் முன்மூடியின் மீது பொருத்தப்பட்டிருக்கும். தெருவில் கைகாட்டி நிறுத்தும் பயணிகளை நகரின் எப்பகுதியிலும் ஏற்றிக்கொள்ளும் உரிமை இவ்வில்லையுள்ள வண்டிகளுக்கு மட்டுமே உண்டு. இவ்வுரிமங்களின் எண்ணிக்கை சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. 2014இல் நடந்த ஏலத்துக்குப் பின் அது 13,587 ஆனது.

தோற்றம்

1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தோர் பலர் டாக்சி ஓட்ட முற்பட்டனர். பயணிகளைவிட வண்டிகள் மிகுந்தன, கட்டணங்கள் சரிந்தன, ஓட்டுநர்களின் வருவாய் குன்றியது. இந்நிலையைச் சீர்செய்ய 1937இல், நகரத் தந்தை பியோரெல்லோ லா கார்டியாவின் காலத்தில், ஹாஸ் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்கனவே உரிமம் பெற்றிருந்தோர் அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றும், புதிய உரிமங்கள் வழங்கப்படமாட்டா என்றும் இச்சட்டம் வகுத்தது. அப்போது உரிமக் கட்டணம் 10 டாலர் மட்டுமே. இரண்டாம் உலகப் போரையொட்டிச் சிலர் உரிமத்தைப் புதுப்பிக்காது விட்டதால் எண்ணிக்கை 11,787 ஆகக் குறைந்தது. 1996 வரை இந்த எண்ணிக்கை உயர்த்தப்படவில்லை.

ஒழுங்குமுறை

1971இல் நிறுவப்பட்ட டாக்சி மற்றும் லிமோசின் ஆணையம் இத்தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. கட்டண வீதம், வண்டியின் தரம், ஓட்டுநரின் தகுதி ஆகியவற்றை இவ்வாணையமே நிர்ணயிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் மெடாலியனும் வெவ்வேறானவை. முன்னது ஒருவரின் தகுதிக்கு வழங்கப்படுவது, விற்க இயலாதது. பின்னது வண்டிக்குரியது, விற்கவும் அடகு வைக்கவும் கூடியது. மெடாலியன் இல்லாத ஓட்டுநர்கள், வழக்கமாக 12 மணி நேர முறைக்கு, உரிமையாளரிடம் வாடகை செலுத்தி வண்டி ஓட்டுகின்றனர். அன்றைய வருவாய் குறைந்தாலும் வாடகை குறைவதில்லை.

விலை ஏற்றம்

எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதாலும், உரிமத்தைக் கைமாற்ற முடிந்ததாலும், மெடாலியன் ஒரு சொத்தாக மாறியது. 1947இல் ஏறத்தாழ 2,500 டாலராக இருந்த அதன் விலை 2014இல் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது. நகர நிருவாகமும் புதிய மெடாலியன்களை ஏலத்தில் விற்றுப் பெரும் வருவாய் ஈட்டியது. தெற்காசியா, கரிபியன் முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய ஓட்டுநர்கள் பலர், நாள் வாடகையிலிருந்து விடுபட்டுச் சொந்த உரிமம் பெறும் நோக்கில் பெருங்கடன் பெற்றனர். முன்பணமின்றியும், அசலைக் குறைக்காது வட்டி மட்டும் செலுத்தும் முறையிலும் கடன்கள் வழங்கப்பட்டமையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2019இல் வெளிக்கொணர்ந்தது. அந்தப் புலனாய்வுத் தொடர் 2020ஆம் ஆண்டுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது.

வீழ்ச்சி

2011இல் ஊபர் நிறுவனம் நியூயார்க்கில் சேவையைத் தொடங்கியது. செல்பேசிச் செயலி வழியே அழைக்கப்படும் வண்டிகள் முன்பதிவு வண்டிகளாகக் கருதப்பட்டதால் அவற்றுக்கு மெடாலியன் தேவைப்படவில்லை. எண்ணிக்கை வரம்பும் இருக்கவில்லை. 2018இல் இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ 80,000 ஆகின. மெடாலியன் விலை இரண்டு இலட்சம் டாலருக்கும் கீழே சரிந்தது. கடன் மட்டும் பழைய விலையின் அளவிலேயே நின்றது. டாக்சிக் கடனை நம்பியிருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சிலவும் மூடப்பட்டன. 2018இல் கடன்பட்ட உரிமையாளர்கள் சிலர் உட்பட ஓட்டுநர் பலர் தற்கொலை செய்துகொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நகர மன்றம் செயலி வண்டிகளுக்குப் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்திவைத்தது.

கடன் நிவாரணம்

2021 இலையுதிர் காலத்தில் நியூயார்க் டாக்சித் தொழிலாளர் கூட்டணி நகர மன்றக் கட்டடத்தின் முன் தொடர் போராட்டத்தையும் 15 நாள் உண்ணாநோன்பையும் நடத்தியது. அவ்வாண்டு நவம்பரில் உடன்பாடு எட்டப்பட்டது. இதன்படி தகுதியுடைய உரிமையாளரின் கடன் இரண்டு இலட்சம் டாலராகக் குறைக்கப்படும். அதில் 30,000 டாலரை நகரம் மானியமாக வழங்கும். எஞ்சிய 1,70,000 டாலருக்கு நகரமே பிணை நிற்கும். இத்திட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது.

கருத்து வேறுபாடுகள்

எண்ணிக்கை வரம்பு நெரிசலைத் தடுத்து ஓட்டுநரின் வருவாயைக் காக்கும் என்பது ஆதரவாளர் வாதம். வரம்பினால் விளைந்த பயன் ஓட்டுநருக்கன்றி உரிமம் வைத்திருந்தோருக்கும் கடன் கொடுத்தோருக்குமே சென்றது என்பது எதிர்ப்பாளர் வாதம். இலண்டன் நகரம் இதனின்று வேறான முறையைக் கொண்டுள்ளது. அங்கு கறுப்பு டாக்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. நகரத் தெருக்களை நன்கறிந்தமைக்கான கடுமையான தேர்வில் தேறுவோர் உரிமம் பெறலாம். அவ்வுரிமத்தைப் பிறருக்கு விற்க இயலாது. எனவே அது நியூயார்க்கில் போன்று கடனுக்கு ஈடாகும் சொத்தாக மாறவில்லை.