வேகம்தான் அறிவா?

அம்பாசமுத்திரத்தில் நான் படித்த காலத்தில், வாய்ப்பாடு கேட்டதும் டக்குனு சொல்கிறவன் கெட்டிக்காரன். யோசித்தால், "என்னலே முழிக்க?" என்பார் வாத்தியார். நான் முழிக்கிற ஆள். மக்கு என்ற பெயர் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த எண்ணத்துக்கு வயசு அதிகம். 1884-ல் லண்டனில் பிரான்சிஸ் கால்டன் ஒரு கண்காட்சியில் அளவீட்டுக் கூடம் அமைத்தார். கட்டணம் மூன்று பென்ஸ். பார்வை, செவித்திறன், கைப்பிடி வலு ஆகியவற்றோடு, ஒளிக்கும் ஒலிக்கும் எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறோம் என்பதையும் அளந்தார்கள். புலன் கூர்மையானால் அறிவும் கூர்மை என்பது கால்டனின் நம்பிக்கை.

1970-களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஆர்தர் ஜென்சன் அதே வழியில் போனார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். வேகமானவர்களுக்கு ஐக்யூ சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் என்று கண்டார். தொடர்பு உண்டு, ஆனால் பெரிசு இல்லை.

1988-ல் அவர் சோதித்தது பெங்களூரு சகுந்தலா தேவியை. 1980-ல் இரண்டு 13 இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிக் காட்டியவர். 6,16,29,875-இன் கனமூலம் என்ன என்று கேட்டார் ஜென்சன். அவர் நோட்டில் எழுதுவதற்குள் 395 என்று விடை வந்துவிட்டது. சரி, விளக்கும் பொத்தானும்? அதில் அவர் வேகம் சாதாரணம்தான். 1990-ல் ஜென்சனே இதை வெளியிட்டார்.

எங்க பாஷையில் சொன்னால், பிராசசர் வேகம் அல்ல. சின்ன வயசிலிருந்து எண்களோடு பழகி நினைவில் சேர்த்த சரக்கு.

இப்போ என் பொண்ணு விடை சொல்ல யோசித்தால், நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.