சுயமுன்னேற்றம் என்ற சரக்கு: சுரண்டையிலிருந்து சில குறிப்புகள்

தமிழில் சுயமுன்னேற்றச் சொல்லாடலின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் எம்.எஸ். உதயமூர்த்தியிடமிருந்து தொடங்குகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அப்துற் றஹீம்வரை போவார்கள். அவர்கள் இருவருக்கும் முன்பே, எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் சிறையிலிருந்து இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பது வ.உ.சி. பற்றிய தேசபக்திக் கதையாடலில் அடிக்குறிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது.

ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் எழுதிய சிறுநூலை வ.உ.சி. 'மனம்போல வாழ்வு' என்று மொழிபெயர்த்தார். (மனம்போல மாங்கல்யம் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதன் ஓசை அந்தத் தலைப்பில் இருக்கிறது.) மனிதனின் சூழ்நிலை அவன் எண்ணத்தின் விளைவே என்பது நூலின் சாரம். இதை மொழிபெயர்த்தவர் யார்? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தியவர். ஒன்பது நாளில் அது வென்றது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12ஆம் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். பிறகு கோவைச் சிறையில் செக்கு. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல், கம்பெனியும் கலைக்கப்பட்டது.

செக்கிழுத்தவனா சூழ்நிலை எண்ணத்தின் விளைவு என்று எழுதுவது? இது தோல்வியின் தத்துவம் என்று நம் மார்க்சியத் தோழர்கள் சட்டென்று சொல்லிவிடக்கூடும். எனக்கு அது போதவில்லை. அரசு உடம்பைக் கைப்பற்றிவிட்ட இடத்தில் மனம் ஒன்றுதான் அவன் கைக்கு எட்டாத நிலம். அதைப் பண்படுத்துவது சரணாகதி ஆகாது. 1912 டிசம்பரில் விடுதலையான பிறகும் அவர் சென்னையிலும் கோவையிலும் தொழிற்சங்க வேலைகளில் இருந்தார். ஆலனைப் படித்தவர் சங்கத்தைக் கைவிடவில்லை. 'தான்' என்பது 'நாம்' என்பதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

அதே 1912இல் நியூயார்க்கில், ஒரு கிறிஸ்தவ இளைஞர் சங்கக் கட்டடத்தில், டேல் கார்னகி பேச்சுக்கலை வகுப்பைத் தொடங்குகிறார். வகுப்புக்கு இத்தனை டாலர் என்று சம்பளம் கேட்டார், சங்கம் தர மறுத்தது. வசூலில் பங்கு என்று முடிவானது. சுயமுன்னேற்றம் சரக்கானதை இந்தப் பேரத்தில் பார்க்கலாம். ஆள் கூடக்கூட ஆசிரியருக்கு வருமானம். சிறையில் ஒருவன் தனக்காக வைத்துக்கொண்ட சொல், இங்கே தலைக்கு இவ்வளவு என்று விலை பெறுகிறது. 1936இல் வந்த கார்னகியின் புத்தகம் பிறகு உலகத்தையே சுற்றியது.

நம் பக்கம் இது கம்பெனியாக வந்து உட்கார்ந்தது 1991க்குப் பிறகு. 1979 உரைகளில் ஃபூக்கோ, புதிய தாராளவாதம் மனிதனைத் தனக்குத் தானே முதலாளியாக்குகிறது என்றார். முதல் இல்லாத முதலாளி! 1998இல் ஆம்வே இந்தியாவில் வியாபாரம் தொடங்கியது. சோப்பும் சத்துமாவும் ஒரு பக்கம். ஆள் சேர்க்கும் சங்கிலியும் அதைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் ஊக்கக் கூட்டங்களும் மறுபக்கம். 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை அந்தக் கம்பெனியின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியது. திண்டுக்கல் மாவட்டத்து ஆலையும் அதில் அடக்கம். பொருளில் அல்ல, உறுப்பினராகிப் பணக்காரர் ஆகலாம் என்று பரப்புவதில்தான் அதன் முழுக் கவனமும் என்பது துறையின் குற்றச்சாட்டு. விசாரணைக்கு ஒத்துழைப்பதாகக் கம்பெனி சொன்னது.

சுரண்டை 2021இல் நகராட்சி ஆனது. காய்கறி மார்க்கெட், பீடி, சென்னைக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணம் — இவற்றால் ஓடும் ஊர். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படியொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். (கம்பெனியின் பெயர் வேண்டாம், பெயர் மாறும், கூட்டம் மாறாது.) முதல் வகுப்பு இலவசம். அடுத்ததுக்குக் கட்டணம், அதற்கடுத்ததுக்கு இன்னும் கூட. கோட்டு போட்ட ஒருவர் எல்லோரையும் எழுப்பி "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். பீடி சுற்றும் பெண்கள் முதலில் கூச்சப்பட்டு, பிறகு நிஜமாகவே கத்தினார்கள். அந்த முகங்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர்களைப் பார்த்து "உன்னால் முடியும்" என்று இதுவரை யார் சொன்னது? கட்சியா, சங்கமா, இலக்கியமா?

ஆனால் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஜெயித்தால் வகுப்பின் பலன். தோற்றால் உன் எண்ணத்தில் குறை, ஆகவே அடுத்த வகுப்புக்கு வா. சந்தேகப்படும் அண்ணனும் மாமனும் 'நெகட்டிவ்' ஆட்கள், ஒதுக்கி வை. தோல்வி என்ற சாட்சியையே செல்லாததாக்கும் இந்த ஏற்பாடு ஆலனிடம் விதையாக இருந்ததுதான். அதைத் தவணைமுறையில் வசூலிக்கும் வித்தைதான் புதிது.

வெளியே டீக்கடையில், மார்க்கெட்டில் கணக்கு எழுதும் தம்பி ஒருவனிடம் கோரல் மில் கதையைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கின்றன. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஒம்பது நாளும் கூலி இல்லாம அவங்க சாப்பாட்டுக்கு என்ன செஞ்சாங்க அண்ணாச்சி?" என்று கேட்டான். ஊர்க்காரர்கள் அவர்களுக்கு உதவினார்கள், வ.உ.சி.யும் தோழர்களும் நிதி திரட்டினார்கள் என்றேன். "இங்க யாரு தருவா?" என்றான். அடுத்த வகுப்புக்கான ரசீது அவன் சட்டைப்பையில் இருந்தது.