செம்பனைத் தோட்டத்துக் காய்ச்சலும் ரைபோசோமும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊரை ஒட்டி, தென்னமரம் தோட்டம் இருக்கிறது. ஆங்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கே செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை பயிரிட்ட முதல் தோட்டம் அதுதான். ரப்பரே முதன்மையாக இருந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் புதிய பயிரோடு வேலையும் மாறியது. குலை வெட்டுவது ஒருவர் வேலை, குந்தி உட்கார்ந்து உதிரிப்பழம் பொறுக்குவது இன்னொருவர் வேலை. பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

உதிர்ந்த பழத்தைத் தேடி எலிகள் வந்தன. களையெடுப்பு தளர்ந்த இடங்களில் லாலாங் புல் மண்டியது. எலியும் லாலாங்கும் சேர்ந்த இடத்தில் கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணி பெருகும். அதன் இளம்புழு வாழ்நாளில் ஒரே ஒரு முறை விலங்கின் தோலில் ஒட்டி உணவெடுக்கும். எலி கிடைக்காவிட்டால் மனிதர். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஓரியென்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. எலியை ஒழித்தாலும் நோய் உடனே ஒழியாததற்குக் காரணம் இதுவே. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புத்துணி இறுகும் இடம் என்று மறைவான பகுதிகளில் அது இருப்பதால், பார்த்துத் தேடினால்தான் தெரியும்.

காய்ச்சல் என்றாலே மலேரியா, மலேரியா என்றாலே கொய்னா என்றிருந்த காலம் அது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் 1920களின் நடுவில் இந்தக் காய்ச்சலைத் தனியே பிரித்தறிந்தார்கள். நகரக் கடைகளில் வந்த டைஃபஸ் ஒன்று. தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்தவர்களுக்கு வந்தது வேறொன்று. நோயாளியின் இரத்தநீர் எந்தப் புரோட்டியஸ் பாக்டீரியாவைத் திரட்டுகிறது என்பதை வைத்து இரண்டையும் பிரித்தார்கள். பின்னர் லூத்வைட்டும் சவூரும் தோட்டத்துக் காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகமுஷி நோயும் ஒன்றே என நிறுவினார்கள். லாலாங்கில் வாழும் சிற்றுண்ணி இனம் ஒன்று இன்றும் ஃபிளெட்சரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆராய்ச்சிக்கு இரத்தம் தந்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த இனத்துக்கும் இடப்படவில்லை.

நோய் புரிந்தது, மருந்துதான் இல்லை. வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1947இல் குளோரம்ஃபெனிகால் பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜோசஃப் ஸ்மடெல் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தது. மருந்து கொடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது. உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணிச் சிகிச்சை தரப்பட்டவர்களில் டைஃபாய்டு நோயாளிகளும் இருந்தார்கள், அவர்களும் தேறினார்கள். டைஃபாய்டுக்கும் இதுவே மருந்து என்பதை உலகம் அறிந்தது இப்படித்தான்.

ஒரு குறை தென்பட்டது. மிக முன்னதாக மருந்து கொடுத்து நிறுத்தினால் காய்ச்சல் திரும்பியது. மருந்து கிருமியைக் கொல்லவில்லை, அதன் பெருக்கத்தை நிறுத்தி வைத்தது; உடலின் எதிர்ப்பாற்றல் எழுந்து வேலையை முடிக்க அவகாசம் வேண்டியிருந்தது. ஏன் இப்படி என்று 1948இல் யாராலும் சொல்ல முடியவில்லை. விடையைத் தாங்கிய ரைபோசோமை ஜார்ஜ் பலாடே விவரித்ததே 1955இல்தான்.

ரைபோசோம் ஆர்என்ஏவும் புரதமும் பிணைந்த கூட்டு. பாக்டீரியாவில் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ. அதன் இரு துண்டுகளில் சிறிய துண்டு தூது ஆர்என்ஏவின் செய்தியைப் படிக்க, பெரிய துண்டு அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் குழு சிறிய துண்டின் அணுவமைப்பை 2000இல் வெளியிட்டது. பெரிய துண்டை தாமஸ் ஸ்டைட்ஸின் குழு அதே ஆண்டு காட்டியபோது பெரிய வியப்பு வெளிப்பட்டது: அமினோ அமிலங்கள் இணையும் மையத்தில் புரதமே இல்லை, இணைப்பை நடத்துவது ஆர்என்ஏ. அடா யோனத்தின் குழு 2001இல் குளோரம்ஃபெனிகால் அந்த மையத்திலேயே ஒட்டிக்கொள்வதைக் கண்டது. கோர்ப்பு நின்றுபோகிறது, கிருமி சாகாமல் முடங்கிக் கிடக்கிறது. மூவரும் 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மனித உயிரணுவின் ரைபோசோம் சற்றே வேறு வடிவம் என்பதால் தப்புகிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உள்ள ரைபோசோம் பாக்டீரியாவினுடையதை ஒத்தது. குளோரம்ஃபெனிகால் அதையும் தடுப்பதால் எலும்பு மஜ்ஜையில் இரத்த உற்பத்தி தாழலாம். அரிதாக, மஜ்ஜை முற்றிலும் செயலிழந்து உயிர் போவதும் உண்டு. அதனால் டெட்ராசைக்ளின் குடும்பம் அதன் இடத்தைப் பிடித்தது. அக்குடும்பத்தின் டாக்சிசைக்ளின் சிறிய துண்டில் ஒட்டுகிறது. கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் அசித்ரோமைசின் பெரிய துண்டில் ஒட்டுகிறது.

தமிழ்நாட்டிலும் இந்தக் காய்ச்சல் இன்று பரவலாகக் கண்டறியப்படுகிறது. கடுமையாகத் தாக்கப்பட்ட நோயாளிகளிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து இரத்தக்குழாயில் ஏற்றினால், ரைபோசோமின் இரு துண்டுகளும் ஒருங்கே தடுக்கப்படும் என்பது அதன் அடிப்படை. தனித்தனியே தந்ததைவிடச் சேர்த்துத் தந்தபோது சிக்கல்கள் குறைந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.